நரம்பியல் ஆராய்ச்சிக்குக் கள்ளக்குறிச்சியில் என்ன வேலை?

எங்கள் தொழிலில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: எங்கே படித்தார், எதை ஆராய்கிறார்? முதல் கேள்விக்குக் கல்லூரிகளின் பெயர்கள் வரிசையாக வரும். எம்பிபிஎஸ் முடித்து நரம்பியலுக்கு வந்தவர் உண்டு. உயிர்வேதியியலோ இயற்பியலோ படித்துவிட்டு மூளைப் பக்கம் திரும்பியவரும் உண்டு. இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் யோசிக்க வைப்பது. நினைவாற்றல், முடிவெடுத்தல், உறக்கம், முதுமை மறதி என்று ஏதாவது ஒன்றைச் சொல்வோம். அந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று துருவினால், பெரும்பாலும் அது ஆய்வு வழிகாட்டியின் ஆர்வமாக இருக்கும். அவருடைய ஆர்வமோ நிதி கிடைத்த பக்கமாக வளர்ந்திருக்கும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மூளை எந்த ஊரிலும் மூளைதான். ஆனாலும் இந்தத் துறையில் இருக்க இருக்க எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. ஓர் ஊரில் மனிதர்களின் நரம்பை எது கெடுக்கிறதோ, அதுதான் அந்த ஊர்க்காரரான ஆராய்ச்சியாளருக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஊர்ப்பற்றில் இதைச் சொல்லவில்லை. நரம்பியலின் அடிப்படை உண்மைகள் பலவும் அப்படித்தான் கிடைத்தன. கள்ளக்குறிச்சியையும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையையும் வைத்து இதை விளக்கலாம்.

தமிழ்நாட்டில் நரம்பு மருத்துவம் வளர்ந்த கதையே நோயாளியின் கட்டிலருகில் தொடங்கியதுதான். வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் சாண்டி 1949இல் நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அந்தத் துறையை ஏற்படுத்தினார். இன்று உலகம் அறிந்த வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போனவர். கை துண்டிக்கப்பட்ட பிறகும் இல்லாத கையில் வலிக்கிறது என்று சொன்னவர்களின் பேச்சை அவர் நம்பிக் கேட்டார். ஒரு பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடி, இவ்வளவே கருவி. நல்ல கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்தபோது சிலருக்கு வலி குறைந்தது. உடலின் வரைபடத்தை மூளை வயதுவந்த பிறகும் மாற்றி எழுதுகிறது என்ற எண்ணத்துக்கு அந்த வேலை வலுச் சேர்த்தது. மருத்துவப் படிப்பு ஓர் ஆராய்ச்சியாளருக்குத் தருகிற பெரிய சொத்து இந்தப் பழக்கம்தான்: முறைப்பாட்டைத் தள்ளிவிடாமல், அதையே தரவாக எடுத்துக்கொள்வது.

முறைப்பாடுகளிலும் அறிவியலுக்கு அதிகம் கொடுத்தவை நஞ்சுண்டவர்களுடையவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிளோட் பெர்னார் அம்பு நஞ்சான கியூராரேயைத் தவளைக்குச் செலுத்திப் பார்த்துத்தான் நரம்பும் தசையும் சேரும் இடம் ஒன்று தனியாக இருக்கிறது என்பதை விளக்கினார். கள்ளக்குறிச்சிப் பக்கத்து வயற்காட்டுக் குடிசைகளில் தரையில் படுத்துறங்குபவர்களை இரவில் கடிக்கும் கட்டுவிரியன் இந்த வரிசையில் வருவதுதான். அது கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது. விடியும்போது இமை சரிந்திருக்கும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசை ஓயும். தைவானில் வாழும் அதன் பங்காளி இனத்தின் விஷத்திலிருந்து சாங், லீ என்ற இருவரும் 1963இல் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அந்தப் புரதம் தசையில் அசிட்டைல்கோலின் வந்து உட்காரும் ஏற்பியை விடாமல் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடியைக் கொண்டே அந்த ஏற்பியைத் தனியே பிரித்தெடுக்க முடிந்தது. மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோயில் உடல் எதைத் தாக்குகிறது என்ற உண்மையும் அந்த வழியில்தான் வெளிவந்தது. 1964இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா மூவரும் கேசரிப் பருப்பிலிருந்து ஒரு நரம்பு நஞ்சைப் பிரித்தார்கள். வறட்சிக் காலத்தில் வட இந்திய ஏழைகளின் கால்களை முடக்கிய பருப்பு அது. நரம்புக் கலத்தை அளவுக்கு மீறித் தூண்டியே கொல்ல முடியும் என்ற பாடத்துக்கு அந்த நஞ்சு இன்றும் ஓர் எடுத்துக்காட்டு.

என் வாதத்துக்கு மிக நெருங்கிய சான்று கலிஃபோர்னியாவில் இருக்கிறது. 1982இல் அங்கே சான் ஹோசே வட்டாரத்தில் சில இளைஞர்கள் ஆடாமல் அசையாமல் உறைந்துபோனார்கள். பேச்சு இல்லை, முகத்தில் பாவம் இல்லை. அறுபது வயதுக்கு மேல் பல ஆண்டுகளில் முற்றுகிற பார்க்கின்சன் நோயின் முழு உருவம் அவர்களுக்குச் சில நாட்களில் வந்திருந்தது. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் விசாரித்தபோது, எல்லோரும் திருட்டுத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினை ஊசியில் ஏற்றியவர்கள் என்று தெரிந்தது. தயாரிப்பில் நேர்ந்த பிசகால் அதில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. அது மூளையின் டோபமைன் கலங்களுக்குள் மட்டும் புகுந்து, அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கியது. 1983இல் இது வெளியான பிறகு பார்க்கின்சன் நோயைக் குரங்குகளில் நெருக்கமாக உருவாக்கிப் படிக்க வழி பிறந்தது. அந்த வழியில் வந்த ஆய்வுகளே இன்றைய ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சைக்கு எந்த இடத்தில் மின்முனையை வைக்க வேண்டும் என்று காட்டின. கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. இதே நஞ்சு தாக்கிய ஒற்றை நோயாளியைப் பற்றி 1979இலேயே ஓர் இதழில் கட்டுரை வந்திருந்தது. யாரும் அதைப் பின்தொடரவில்லை. போலீஸ் வழக்காக முடிந்திருக்க வேண்டிய ஒரு விவகாரத்தை ஒருவர் விடாமல் பிடித்ததால் ஒரு துறையே மாறியது.

இப்போது கள்ளக்குறிச்சிக்கு வரலாம். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் பாக்கெட் சாராயம் குடித்த கூலித் தொழிலாளர்கள் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று சாரிசாரியாக மருத்துவமனைக்கு வந்தார்கள். உள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி, விழுப்புரம் முண்டியம்பாக்கம், சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் என நான்கு இடங்களில் சிகிச்சை நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இதே காரணத்தால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். கள்ளக்குறிச்சிச் சாவுகளை அடுத்து எல்லோருடைய பார்வையும் கல்வராயன் மலைமேல் போனது. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து ஓடைகளில் சாராய ஊறல் கண்டுபிடித்து அழித்த செய்தி அடிக்கடி வருவதுதான். ஆனால் வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறப்போட்டுக் காய்ச்சினால் கிடைப்பது எத்தனால். அதில் மெத்தனால் மிகச் சொற்பம். ஆளைக் கொன்றது தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். சமவெளியிலிருந்து வந்து கலக்கப்பட்டது. மலைமக்களின் சாராயத்தைப் பற்றி ஆயிரம் புகார் சொல்லலாம். இந்தச் சாவுகளை வேதியியல் அவர்கள் கணக்கில் எழுதாது.

மெத்தனால் தானாகப் பெரிய நஞ்சு கிடையாது. கல்லீரலின் நொதி ஒன்று அதை ஃபார்மால்டிஹைடாக்கும். இன்னொன்று அதை ஃபார்மிக் அமிலமாக்கும். மனித உடலில் இந்த அமிலம் கழிய ஃபோலேட் என்ற பி வைட்டமின் வேண்டும். அப்போதும் மெதுவாகத்தான் கழியும். அது தேங்கத் தேங்க இரத்தம் புளிக்கும். கலங்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் தடைபடும். முதல் நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் ஈர்ப்பு பல மடங்கு அதிகம். அதனால் இரண்டும் கலந்த சரக்கில் எத்தனால் தீரும் வரை நஞ்சு பதுங்கியிருக்கும். நேற்று மாலை குடித்தவர் இன்று காலை வேலைக்குப் போய்விட்டு மதியம் கண் தெரியாமல் விழுவது இப்படித்தான். அந்த நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் மருந்தை உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அமிலத்தை வெளியேற்ற டயாலிசிஸ் உண்டு. பிழைத்தவரின் கண்ணுக்குள் ஆஃப்தால்மாஸ்கோப்பின் ஒளியை விட்டுப் பார்த்தால் நடந்தது கண்முன் தெரியும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் வட்டம் முதல் நாட்களில் சிவந்து, விளிம்பு கலைந்து, வீங்கியிருக்கும். வாரங்கள் போனபின் அந்த வட்டம் வெளிறிவிடும். இழைகள் மடிந்ததன் அடையாளம் அது. டார்ச் ஒளிக்குக் கண் பாப்பா சுருங்குவதும் மந்தமாகும். எம்ஆர்ஐ எடுத்தால் மூளையின் ஆழத்தில் புட்டாமன் என்ற பகுதி இரண்டு பக்கமும் கருகியிருப்பது சிலருக்குத் தெரியும். அவர்களுக்கு நடை தளரும், எழுத்து சிறுத்துக்கொண்டே போகும்.

இங்கேதான் நல்ல கேள்வி இருக்கிறது. ஃபார்மிக் அமிலம் இரத்தத்தோடு உடல் முழுக்கப் போகிறது. தடைபடும் நொதியோ எல்லாக் கலங்களிலும் இருக்கிறது. அப்படியானால் பார்வை நரம்பும் புட்டாமனும் மட்டும் ஏன் முதலில் விழுகின்றன? வீட்டில் மின்னழுத்தம் குறைந்தால் குண்டு பல்பு மங்கலாக எரியும். அதே அழுத்தத்தில் ஓடும் பம்புசெட் மோட்டாரின் காயில் கருகிவிடும். சக்தி அதிகம் தின்னும் இடம் முதலில் கெடும் என்று இதைக் கொண்டு ஓரளவு சொல்லலாம். கண்ணின் பின்புறச் சல்லடையைத் தாண்டும் வரை பார்வை நரம்பிழைகளுக்கு மயலின் உறை இல்லை. அங்கே மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக இருப்பதும் அதனால்தான். ஆனால் இந்த விளக்கம் முழுதாகப் போதாது. அதற்கு இந்த மாவட்டத்திலேயே மறுசான்று விளைகிறது. கல்வராயன் மலைச்சரிவிலும் சின்னசேலம் சமவெளியிலும் பயிராகும் மரவள்ளியில் சயனைடாக மாறக்கூடிய பொருள் உண்டு. அதன் இலையை மேய்ந்த ஆடு செத்துப்போவதை இங்கே விவசாயிகள் அறிவார்கள். சயனைடு தடுப்பதும் அதே சைட்டோகுரோம் ஆக்சிடேஸைத்தான். ஆனால் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியை நம்பி வாழ்ந்த ஆப்பிரிக்க ஊர்களில் அது கால்களுக்குப் போகும் கட்டளைப் பாதையை முடக்கியது. கோன்சோ என்று அந்த நோய்க்குப் பெயர். தடைபடும் நொதி ஒன்று, விழும் நரம்போ வேறு. நம் பக்கத்து மரவள்ளி பெரும்பாலும் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குப் போய்விடுகிறது. அதனால் இந்த நோய்க்கு இங்கே இடமில்லை. கேள்வி மட்டும் இங்கேயும் உண்டு.

கோன்சோவை விளக்கியவரின் படிப்புக்கும் வேலைக்கும் இடையிலான உறவையும் பார்க்க வேண்டும். ஸ்வீடனின் ஹான்ஸ் ரோஸ்லிங் மருத்துவ மாணவராக 1972இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பொதுச் சுகாதாரம் படித்தவர். பிறகு வட மொசாம்பிக்கில் மாவட்ட மருத்துவராகப் போனார். 1981 வறட்சியில் அங்கே பெண்களும் குழந்தைகளும் திடீரென்று நடக்க முடியாமல் போனபோது, அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார்கள். அவசரத்தில் சரியாக ஊறவைக்காத, காயவைக்காத மரவள்ளியும், சயனைடை முறிக்கத் தேவையான புரதம் இல்லாத உணவும் சேர்ந்து செய்த வேலை என்று அந்தக் கணக்கு காட்டியது. அவருடைய முனைவர் பட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. சயனைடை முறிக்கப் புரதம் வேண்டும். ஃபார்மிக் அமிலத்தைக் கழிக்க ஃபோலேட் வேண்டும். ஒரே பாக்கெட்டைப் பகிர்ந்து குடித்த இருவரில் ஒருவர் கண்ணிழந்து மற்றவர் தப்பும்போது, குடித்த அளவு, சிகிச்சைக்கு வந்த நேரம் இரண்டோடு அவர்கள் சாப்பாட்டில் கீரையும் பயறும் எவ்வளவு இருந்தன என்பதையும் கேட்டாக வேண்டும். இந்தக் கேள்வி பாஸ்டன் ஆய்வுக்கூடத்தில் எழாது. கூலிவேலைக் குடும்பத்தின் அடுப்படி தெரிந்தவருக்குத்தான் எழும்.

இதற்கு எதிர்ப்பு வராமல் இருக்காது. மெத்தனால் எப்படிக் கொல்கிறது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே, இதில் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்பார்கள். பாடப்புத்தகம் சொல்வது முதல் சில நாட்களின் கதை. 2001இல் எஸ்தோனியாவின் பார்னு நகரில் மெத்தனால் சாராயம் 68 பேரைக் கொன்றது. பிழைத்தவர்களை ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, பார்வைக் குறைவோடும் மூளைப் பாதிப்போடும் வெளியேறியவர்களுக்கு அவை நீடித்தன. செக் குடியரசில் 2012இல் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். பிராக் நகர மருத்துவர்கள் பிழைத்தவர்களைத் தொடர்ந்து வரவழைத்து விழித்திரை நரம்பிழைப் படலத்தின் தடிமனை அளந்தார்கள். நஞ்சு உடலைவிட்டுப் போய் ஆண்டுகளான பின்பும் சிலருக்கு அந்தப் படலம் மெலிந்துகொண்டே போனதைக் கண்டார்கள். ஒருமுறை நடந்த தாக்குதல் ஏன் ஓயாத தேய்வாகிறது? பார்க்கின்சன், அல்ஸைமர் ஆராய்ச்சியின் மையக் கேள்வியும் இதுதான். அந்த நோய்களில் தேய்வு தொடங்கிய நாள் யாருக்கும் தெரியாது. கள்ளக்குறிச்சியில் தேதியே தெரியும். எலியில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விட முடியாது. எலியின் கல்லீரலில் ஃபோலேட் செழிப்பு. ஃபார்மிக் அமிலத்தை அது வேகமாகக் கழித்துவிடும். மெத்தனால் கொடுத்தால் அதற்குக் கண் போகாது.

அடுத்த எதிர்ப்பு, இது போலீசும் மதுவிலக்குத் துறையும் பார்க்க வேண்டிய வேலை என்பது. மெத்தனால் டிரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்காணிப்பது நிச்சயமாக அவர்கள் வேலை. அது ஒழுங்காக நடந்தால் நாங்கள் ஆராய ஆளே இருக்கக் கூடாது, அதுதான் நல்லதும். ஆனால் நடந்து முடிந்ததன் அளவை யார் சொல்வது? இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சை பெற்றவருக்கு 50,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. செத்தவர், பிழைத்தவர் என்ற இரண்டு பெட்டிகள்தான் அந்தக் கணக்கில் உண்டு. பிழைத்தவர்களுக்குள் நிறம் பிரித்தறிய முடியாதவர், மங்கலில் சுவரைத் தடவி நடப்பவர், கை நடுக்கத்தால் கரண்டி பிடிக்க முடியாதவர் என்று எத்தனையோ படிகள் இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி சான்றிதழ் கிடைக்க இந்தப் படிகளை அளந்து காட்ட வேண்டும். அளப்பதுதான் எங்கள் தொழில். சாராயத்தின் விலையைப் பிணங்களின் எண்ணிக்கையில் மட்டும் போடும் வரை, அந்த விலை எப்போதும் குறைவாகவே தெரியும்.

ஏழைகளின் துயரத்தை ஆய்வுப் பொருளாக்குவதா என்ற எதிர்ப்பைத்தான் நான் கனமாக எடுத்துக்கொள்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது. கருணாபுரத்துக்காரர் ஒருவர் மருத்துவமனைக்கு வரும்போது வழக்கில் சாட்சியாகக் கூப்பிடுவார்களோ, குடிகாரர் என்று பெயரெழுதி வைப்பார்களோ என்ற பயத்தோடுதான் வருவார். இரத்தமும் ஸ்கேனும் எடுத்துக்கொண்டு வெளியூர் இதழில் கட்டுரை போட்டுவிட்டு மறைந்துபோகிறவர்களையும் இந்த நாடு நிறையப் பார்த்துவிட்டது. இதற்கு நல்லெண்ணம் மட்டும் பதிலாகாது. சில நிபந்தனைகள்தான் பதில். கண் பார்க்கும் அன்றே கண்ணாடியோ பயிற்சியோ மருந்தோ கையில் கிடைக்க வேண்டும். பெயர் காவல்துறைக்குப் போகாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சம்மதப் படிவம் படிக்கத் தெரியாதவருக்குப் புரியும் பேச்சுத் தமிழில் சொல்லப்பட வேண்டும். வந்துபோகும் நாளின் கூலி இழப்பு ஈடு செய்யப்பட வேண்டும். இந்த நிபந்தனைகள் நிறைவேறாத இடத்தில் ஆய்வு தொடங்காமல் இருப்பதே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆராயாமல் விடுவதும் நடுநிலை ஆகாது. பார்னுவிலும் பிராக்கிலும் பிழைத்தவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். நம் ஊரில் பிழைத்தவருக்கு அந்த மரியாதை வேண்டாம் என்று முடிவு செய்வதாகவே அது ஆகும்.

கடைசியாக, வசதி எங்கே என்பார்கள். சென்னை ஐஐடியில் இருப்பதுபோல் முழு மூளையையும் கலம் கலமாகப் படமெடுக்கும் மையம் கள்ளக்குறிச்சியில் வராது, வரவும் வேண்டியதில்லை. கருவிலேயே மூளையிலிருந்து கிளைத்து வெளியே வந்த பகுதி விழித்திரை. உடலைத் திறக்காமல் கண்ணால் பார்க்கக் கூடிய நரம்புத் திசு அது ஒன்றுதான். அதன் இழைப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரான். ஓசிடி என்ற கண் ஸ்கேன் சில நொடிகளில் அதை அளந்துவிடும். பெரிய கண் மருத்துவமனைகளில் அந்தக் கருவி சாதாரணம். மற்றபடி வேண்டியவை பார்வை அட்டை, நிற எண் அட்டை, டார்ச், கால அளவி, ஒரு நோட்டு. நோட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்லலாம். எழுதத் தெரியாதவரைச் சுருள்கோடு வரையச் சொல்லலாம். பத்து நொடியில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எத்தனை முறை தட்ட முடிகிறது என்று எண்ணலாம். கள்ளக்குறிச்சியில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர் இரண்டாம் ஆண்டிலேயே இதைக் கற்றுக்கொள்ள முடியும். அங்கே படிப்பவர் நரம்பியலுக்குப் போக விரும்பினால், நஞ்சியலும் ஊட்டச்சத்தும் நோய்ப்பரவலியலும் அவருடைய படிப்பில் மூளை உடற்கூறுக்கு நிகரான இடம் பெற வேண்டும். கணினியும் மரபணுவும் பிறகு வந்து சேரும். கேள்வி கையில் இருந்தால் அவற்றுக்கு ஆள் தேடிக்கொள்ளலாம். கருவி கையில் இருந்து கேள்வி இல்லாதவரின் நிலை அதைவிட மோசம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து ஆண்டுகள் என்று ஒரு பதிவேடு நடந்தால், பிழைத்தவர்களில் யாருக்குத் தேய்வு நிற்கிறது, யாருக்குத் தொடர்கிறது, முதல் நாள் சிகிச்சையோ சாப்பாடோ அதை மாற்றியதா என்ற மூன்றுக்கும் விடை கிடைக்கத் தொடங்கும். ஒருவேளை புதிதாக ஒன்றுமே தெரியவில்லை, பிராக்கில் கண்டதே இங்கேயும் என்று முடியலாம். அப்போதும் அந்த ஐந்து ஆண்டுகளில் வந்துபோன ஒவ்வொருவருக்கும் கண் பரிசோதிக்கப்பட்டிருக்கும், சான்றிதழுக்கு வேண்டிய அளவீடு எழுதப்பட்டிருக்கும், நடுக்கத்துக்கு மருந்து தொடங்கியிருக்கும். தோற்றாலும் பங்கேற்றவருக்கு இவ்வளவு மிச்சம் வைக்கும் ஆய்வுகள் எங்கள் துறையில் அதிகம் இல்லை. ஓர் இளம் ஆராய்ச்சியாளர் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.